போர்க்கள வீரத்துக்குப் பதக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுக்கு இரண்டு முறை, குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி, வீர விருதுப் பட்டியல் வெளியாகிறது. செய்தித்தாளில் பெயரும் விருதும் மட்டும் வரும். அந்தப் பெயர் எப்படி அங்கே வந்தது, அந்த விருதுக்கு என்ன பொருள் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் இந்திய ராணுவத்தைப் பற்றித்தான். மற்ற நாடுகள் தேவைப்படும் இடத்தில் வரும்.

போர்க்கால வீர விருதுகள் எவை? எது பெரியது?

மூன்று. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா. இதே வரிசைதான். மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று, நாடு குடியரசான நாளிலேயே நிறுவப்பட்டன. ஆனால் 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்று முன்தேதியிட்டார்கள். காரணம், காஷ்மீரில் முதல் போர் அதற்குள் நடந்து முடிந்திருந்தது. அதில் உயிர் கொடுத்தவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் சொந்தமாக ஒரு பதக்கம் கூட இல்லை.

எதிரி முன்னால் இல்லாத இடத்தில் காட்டிய வீரத்துக்கு இன்னொரு வரிசை உண்டு: அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌரிய சக்ரா. 1952ல் தொடங்கியபோது அசோக சக்ரா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று இருந்தது. 1967ல் பெயரை மாற்றினார்கள். வீரத்துக்கு வகுப்பு பிரிப்பது காதுக்கே நன்றாக இல்லை, மாற்றியது நல்லது.

இவற்றுக்கு அடுத்து சேனா மெடல், கடற்படைக்கும் விமானப் படைக்கும் அதே தரத்தில் தனித்தனிப் பதக்கங்கள். சேனா மெடலை வீரத்துக்கும் தருவார்கள், சிறந்த பணிக்கும் தருவார்கள். எதற்குத் தந்தது என்று பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போர் என்று அறிவித்தால்தான் போர்க்கால விருதா?

இல்லை. விதி கேட்பது போர் அறிவிப்பை அல்ல. எதிரியின் முன்னிலையில், நிலத்திலோ கடலிலோ வானிலோ செய்த செயலா என்பதைத்தான் பார்க்கிறார்கள். 1999 கார்கிலில் யாரும் போர் அறிவிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கோடையில் நான்கு பரம் வீர் சக்ரா. 1987ல் சியாச்சினில் சுமார் 21,000 அடி உயரத்தில் ஒரு காவல் நிலையைக் கைப்பற்றிய பானா சிங்குக்கும் பரம் வீர் சக்ராதான்.

2020 ஜூன் 15 இரவு சீன எல்லையிலுள்ள கல்வானில் துப்பாக்கியே வெடிக்கவில்லை. கல்லும் தடியும் இரும்புக் கம்பியும் கொண்டு நடந்த மோதல் அது. அதில் இறந்த 20 பேரில் கர்னல் சந்தோஷ் பாபுவுக்கு மகா வீர் சக்ரா, ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி உள்ளிட்ட நால்வருக்கு வீர் சக்ரா. எல்லாம் போர்க்கால விருதுகள்.

இந்த எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் பகுதியில் தீவிரவாதிகளோடு நேருக்கு நேர் மோதி இறந்தார். அவருக்கு அசோக சக்ரா, அதாவது அமைதிக்கால விருது. 1987ல் இலங்கையில் போராளிகளோடு மோதி இறந்த மேஜர் பரமேஸ்வரனுக்குப் பரம் வீர் சக்ரா. குண்டு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் வந்தது. எந்தப் படை நடவடிக்கை எந்தக் கணக்கில் வரும் என்பதை அரசு முடிவு செய்கிறது, விருதின் பெயர் அதை ஒட்டி வருகிறது. அசோக சக்ரா பெற்றவரின் வீரம் ஒரு படி குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

யாருக்கு விருது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

தொடக்கம் டெல்லியில் இல்லை, அந்த வீரர் இருந்த பட்டாலியனில்தான் (சில நூறு பேர் கொண்ட படைப்பிரிவு; அதன் ஒரு பகுதி கம்பெனி). சண்டை முடிந்ததும் கம்பெனித் தளபதி, உயிரோடு திரும்பியவர்களை விசாரிக்கிறார். யார் முன்னால் போனார், எங்கே அடிபட்டது, அதற்குப் பிறகும் என்ன செய்தார் என்று கேட்டு எழுதுகிறார். அந்த எழுத்துக்கு ராணுவத்தில் சைட்டேஷன் என்று பெயர். அதில் இடமும் நேரமும் செயலும் இருக்க வேண்டும். ‘மிகுந்த தைரியசாலி’ என்று எழுதினால் போதாது, என்ன செய்தார் என்று எழுத வேண்டும்.

அது பட்டாலியனிலிருந்து பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று படிப்படியாக மேலே போகும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் படித்து, ஆமோதிக்கலாம், கீழே இறக்கலாம், நிறுத்தலாம். பரம் வீர் சக்ராவுக்குப் பரிந்துரைத்தது மகா வீர் சக்ராவாக மாறுவது இப்படித்தான். கடைசியில் பாதுகாப்பு அமைச்சர், முப்படைத் தளபதிகள், பாதுகாப்புச் செயலர் கொண்ட மத்திய விருதுக் குழு. பிறகு பிரதமர், குடியரசுத் தலைவர். ஒப்புதல் வந்ததும் அரசிதழில் வெளியாகும்.

இதிலிருந்து ஒன்று புரியும். வீரம் மட்டும் இருந்தால் பதக்கம் வராது. அதைப் பார்த்த ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். அவர் சொன்னதை அக்கறையோடு எழுத ஒருவர் வேண்டும். எழுதத் தெரிந்த தளபதி வாய்த்த படைப்பிரிவுக்கும் வாய்க்காத படைப்பிரிவுக்கும் விருதுக் கணக்கில் வித்தியாசம் வருவது உண்டு. ராணுவத்தில் இருந்தவர்களிடம் பேசிப் பாருங்கள், தனக்கு வராத பதக்கத்தைப் பற்றி அவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். பக்கத்தில் நின்று இறந்துபோன ஒருவனுக்கு வராத பதக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

பார்த்தவர்கள் எல்லோரும் இறந்துவிட்டால்?

பெரும்பாலும் அந்த வீரம் அங்கேயே புதைந்துவிடும். அப்படிப் புதையாமல் வெளியே வந்தது ரெசாங் லா.

1962 நவம்பர் 18. லடாக்கில் சூசூல் விமானத் தளத்தைக் காக்கும் மலைக் கணவாய், 16,000 அடிக்கு மேல். குமாவோன் ரெஜிமென்ட் 13ஆம் பட்டாலியனின் ஒரு கம்பெனி, 120 பேர் அளவில், மேஜர் சைத்தான் சிங் தலைமையில் அங்கே இருந்தது. ஹரியானாப் பக்கத்து அகீர் சமூகத்து இளைஞர்கள், பனியையே முன்பு பார்க்காதவர்கள். நடுவில் ஒரு மலை மறைத்ததால் பின்னாலிருந்து பீரங்கி உதவி கூடக் கிடைக்காத இடம். விடியுமுன் சீனப் படை அலை அலையாக வந்தது. கம்பெனியில் மிகப் பெரும்பாலோர் அங்கேயே இறந்தார்கள். பிழைத்து வந்த சிலர், கடைசி ஆள் வரை சண்டை போட்டோம் என்று சொன்னதை முதலில் பலர் நம்பவில்லை.

1963 தொடக்கத்தில் ஒரு ஆடு மேய்ப்பவர் அந்தப் பக்கம் போனபோது உடல்கள் கிடைத்தன. பனியில் உறைந்து, செத்த நிலையிலேயே இருந்தார்கள். பதுங்கு குழியில் கையில் துப்பாக்கியோடு ஒருவர். மருத்துவ உதவியாளர் கையில் ஊசி மருந்தும் கட்டுத் துணியும். காயங்கள் முன்பக்கம். பிழைத்தவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று அந்த உடல்கள் சொல்லின. சைத்தான் சிங்குக்குப் பரம் வீர் சக்ரா, அவருடைய ஆட்கள் பலருக்கு வீர் சக்ராவும் சேனா மெடலும் வந்தன.

அந்த ஆடு மேய்ப்பவர் வேறு பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு எனக்கு விலகுவதே இல்லை.

எதிரி வீரனின் துணிச்சலை யாராவது சொல்வார்களா?

சொல்லியிருக்கிறார்கள். கார்கில் போரில் டைகர் ஹில் சண்டையின்போது பாகிஸ்தான் தரப்பில் கேப்டன் கர்னல் ஷேர் கான் என்ற இளம் அதிகாரி (கர்னல் என்பது அவர் பெயரிலேயே உள்ளது, பதவி அல்ல) எதிர்த்தாக்குதல் நடத்தி இறந்தார். எதிரே இருந்த இந்தியப் பிரிகேடியர் பாஜ்வா, அவர் உடலைக் கீழே கொண்டுவரச் செய்தார். திருப்பி அனுப்பும்போது சட்டைப் பையில் ஒரு சீட்டு எழுதி வைத்தார்: இவர் மிகுந்த வீரத்தோடு போரிட்டார், இவருக்கு உரிய மரியாதை கொடுங்கள் என்று. பாகிஸ்தான் தன் உச்ச விருதான நிஷான்-இ-ஹைதரை அவருக்கு வழங்கியது.

தன் ஆட்களைக் கொன்ற ஒருவனைப் பற்றி அன்றைக்கே அப்படி எழுதக் கை வர வேண்டும். பாஜ்வா செய்ததை நான் அவருடைய போர் வெற்றிக்கு இணையாக மதிக்கிறேன்.

உச்ச விருது இறந்தவர்களுக்குத்தானா?

விதி அப்படி இல்லை. இதுவரை பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரில் 14 பேருக்கு இறந்தபின் வழங்கப்பட்டது, 7 பேர் உயிரோடு பெற்றார்கள். இருபது பேர் தரைப்படை. ஒரே ஒருவர் விமானப் படை: 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் ஒற்றை நாட் போர் விமானத்தில் பாகிஸ்தானின் பல சேபர் விமானங்களை எதிர்த்த நிர்மல்ஜித் சிங் சேகோன்.

இறந்துவிட்டதாக நினைத்து விருது அறிவித்து, அப்புறம் ஆள் உயிரோடு இருந்ததும் நடந்திருக்கிறது. அதுவும் இரண்டு முறை. 1962ல் பாங்கோங் ஏரிக்கரையில் சிரிஜாப் நிலையைக் காத்த மேஜர் தன் சிங் தாப்பா இறந்துவிட்டார் என்றே எல்லோரும் முடிவு கட்டினார்கள். அவர் சீனாவில் போர்க் கைதியாக இருந்தார், 1963ல் திரும்பி வந்தார். கார்கிலில் யோகேந்திர சிங் யாதவ். வயது 19. டைகர் ஹில்லின் செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி முன்னால் ஏறியவர், உடம்பெல்லாம் குண்டு வாங்கியும் எதிரி பங்கரை அடைந்தவர். இறந்தபின் வழங்கும் விருது என்று அறிவிப்பு வந்தது. இறந்தது அதே பட்டாலியனில் அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர், இவர் மருத்துவமனையில் படுத்திருந்தார்.

பழைய பிரிட்டிஷ் வழக்கில் சில பதக்கங்களை இறந்தவருக்குக் கொடுக்கவே முடியாது. 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் அருகே வயிற்றில் குண்டு பாய்ந்து கிடந்த இளம் கேப்டன் ஒருவரைப் பார்த்த ஜெனரல் கோவன், இவர் பிழைக்க மாட்டார் என்று நினைத்துத் தன் சட்டையிலிருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி அவருக்குக் குத்தினார் என்று சொல்வார்கள். அந்த கேப்டன் பிழைத்தார். அவர்தான் பிற்காலத்து ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா.

விடுதலைக்கு முன் இந்திய வீரர்களுக்கு என்ன கிடைத்தது?

கிழக்கிந்தியக் கம்பெனி 1837லேயே இந்திய வீரர்களுக்கென ஒரு வீர விருதை உண்டாக்கியது, இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் என்று. 1856ல் வந்த விக்டோரியா கிராஸ், பிரிட்டனின் உச்ச வீர விருது, இந்தியச் சிப்பாய்களுக்குக் கிடையாது. அந்தத் தடை 1911ல்தான் நீங்கியது. 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தில் இயந்திரத் துப்பாக்கியைத் தனியாளாக இயக்கிய குதாதாத் கான்தான் அதைப் பெற்ற முதல் இந்திய வீரர்.

தமிழர்கள் அதிகம் அறியாத ஒருவரைச் சொல்லியாக வேண்டும். சுபேதார் சுப்பிரமணியன், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படைப்பிரிவு. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மின்யானோ என்ற இடம். கண்ணிவெடி தேடும் குழு வரிசையாக நடந்து போகிறது. பின்னால் வந்தவர் ஒருவர் கண்ணியை மிதித்துவிட்டார். அந்த வகைக் கண்ணி மிதித்த உடனே வெடிக்காது, சில நொடி தாமதித்து வெடித்துச் சுற்றிலும் இரும்புத் துண்டுகளைச் சிதறடிக்கும். அது சுப்பிரமணியனுக்கு நன்றாகத் தெரியும், அவர் வேலையே அதுதான். அந்த நொடிகளில் விலகித் தரையோடு படுத்திருந்தால் தப்பியிருக்கலாம். அவர் கண்ணியின் மேல் போய் விழுந்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. அது விக்டோரியா கிராஸுக்குச் சமமான மதிப்புள்ளது, எதிரி நேராக முன்னால் இல்லாத இடத்துத் துணிவுக்கு உரியது. நம் பாடப் புத்தகங்களில் அவருக்கு அரைப்பக்கமாவது கொடுத்திருக்கலாம்.

பரம் வீர் சக்ரா பார்க்க எப்படி இருக்கும்? வடிவமைத்தது யார்?

சின்னது, மூன்றரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டம். தங்கமோ வெள்ளியோ அல்ல, வெண்கலம். நடுவில் அரசுச் சின்னம், சுற்றிலும் இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு. ரிப்பன் வெறும் ஊதா. மகா வீர் சக்ராவும் வீர் சக்ராவும் வெள்ளியில் செய்தவை, முன்னதற்கு வெள்ளையும் ஆரஞ்சும், பின்னதற்குக் கருநீலமும் காவியும் கலந்த ரிப்பன்.

வடிவமைத்தவர் சாவித்திரி கானோல்கர். சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், இந்திய ராணுவ அதிகாரியை மணந்து இங்கே வந்து, சமஸ்கிருதமும் புராணங்களும் படித்து இந்நாட்டுப் பெண்ணாகவே வாழ்ந்தவர். அவர் எடுத்துக்கொண்டது ததீசி முனிவர் கதை: அசுரனைக் கொல்ல ஆயுதம் வேண்டும் என்று தேவர்கள் கேட்டபோது, தன் உயிரை விட்டு எலும்பைக் கொடுத்தவர் ததீசி. அந்த எலும்பில் செய்ததுதான் வஜ்ராயுதம்.

அந்தப் பதக்கத்தின் முதல் பெயர் மேஜர் சோம்நாத் சர்மா. சாவித்திரியின் மகளை மணந்தவரின் அண்ணன். 1947 நவம்பர் 3 அன்று ஸ்ரீநகர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பட்காமில் நின்றார். ஹாக்கி ஆட்டத்தில் அடிபட்டு இடக்கையில் மாவுக்கட்டு. வர வேண்டாம் என்று சொல்லியும் வந்தவர். ஆட்கள் குறையக் குறைய, அந்தக் கட்டுப் போட்ட கையோடு ஒவ்வொருவரிடமும் ஓடி இயந்திரத் துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்தார். ஓர் அங்குலமும் பின்வாங்க மாட்டேன் என்று தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பிய சிறிது நேரத்தில் குண்டு வெடித்து இறந்தார். அன்று அவர்கள் தாமதப்படுத்திய சில மணி நேரம் இல்லையென்றால் விமான நிலையம் கைவிட்டுப் போயிருக்கும்.

மேஜர் பரமேஸ்வரனைப் பற்றிச் சொல்லுங்கள். தமிழர் தமிழரோடு போரிட்டதற்குத் தந்த விருதுதானே அது?

ராமசாமி பரமேஸ்வரன் 1946ல் பம்பாயில் பிறந்த தமிழர். மகார் ரெஜிமென்ட் 8ஆம் பட்டாலியன். இந்தியா அனுப்பிய அமைதிப் படையோடு இலங்கைக்குப் போனார். 1987 நவம்பர் 25 இரவு, தேடுதல் முடித்துத் திரும்பும்போது அவருடைய குழு தமிழ்ப் போராளிகளால் சுற்றி வளைக்கப்பட்டது. அவர் பின்பக்கமாக வளைந்து போய்த் தாக்கினார். கைகலப்பில் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. சுட்டவரிடமிருந்தே துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார், உயிர் போகும்வரை ஆணை கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் மனக்காயம் உண்மையானது. யாழ்ப்பாணத்து மக்களுக்கு அமைதிப் படை என்றால் நினைவுக்கு வருவது வேறு. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் இறந்தார்கள். அதை மூடி மறைத்துவிட்டு வீரம் பேசுவது நியாயம் இல்லை. அதேபோல, அங்கே இறந்த ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினரும் போகச் சொன்ன இடத்துக்குப் போனவர்கள். பதக்கம் அளப்பது ஒரு ஆள் ஒரு இரவில் தன் கூட்டத்தாரைக் காக்க என்ன செய்தார் என்பதை. அந்தப் போர் சரியா என்று அது சொல்வதில்லை. பரமேஸ்வரனின் துணிவை நான் மதிக்கிறேன், அவரை அங்கே அனுப்பிய கொள்கை தவறு என்றும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

கார்கிலில் தமிழ்நாட்டுக்காரர்கள்?

மேஜர் மாரியப்பன் சரவணன். ராமேஸ்வரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர், பீகார் ரெஜிமென்ட் முதல் பட்டாலியன். போர் தொடங்கிய புதிதில், எதிரி எத்தனை பேர் என்றே சரியாகத் தெரியாத நாளில், 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் மலை உச்சியை நோக்கி ஏறி இறந்தார். உடலை மீட்கப் போன முயற்சிகள் குண்டு மழையில் நின்றன. ஒரு மாதத்துக்கும் மேல் அவர் அந்தப் பனியிலேயே கிடந்தார். வீட்டில் இருந்தவர்கள் அத்தனை நாளும் காத்திருந்தார்கள். வீர் சக்ரா வழங்கப்பட்டது. திருச்சியில் நினைவிடம் இருக்கிறது. போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

ராணுவத்தினர் சட்டையில் வரிசையாக இருக்கும் ரிப்பன்கள் எல்லாம் வீரப் பதக்கமா?

இல்லை. பெரும்பாலானவை பங்கேற்புக்கும் பணிக்காலத்துக்கும் உரியவை. 1971 போரில் கிழக்கே இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே இருந்தவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார், கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார் என்று அந்தக் களத்தில் இருந்த அனைவருக்கும் வருவன. உயரமான மலையில் பணி செய்ததற்கும், 9 ஆண்டு, 20 ஆண்டு சேவைக்கும் தனித்தனி உண்டு. வீர விருது இருந்தால் அது வரிசையின் முன்னால் வரும். பரம் வீர் சக்ராவுக்கு மேலே இருப்பது பாரத ரத்னா மட்டும்தான்.

பதக்கத்தோடு பணம் வருமா?

மாதப்படி வரும். 2017 ஆகஸ்ட் முதல் பரம் வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், அசோக சக்ராவுக்கு 12,000, மகா வீர் சக்ராவுக்கு 10,000, கீர்த்தி சக்ராவுக்கு 9,000, வீர் சக்ராவுக்கு 7,000, சௌரிய சக்ராவுக்கு 6,000, வீரத்துக்கான சேனா மெடலுக்கு 2,000. மாநில அரசுகள் தனியாகத் தொகை தருகின்றன, மாநிலத்துக்கு மாநிலம் பெரிய வேறுபாடு உண்டு. ஒரே மலையில் ஒன்றாக அடிபட்ட இரண்டு பேருக்கு ஊர் வேறு என்பதால் தொகை வேறாவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

வீரர் இறந்தால் மாதப்படி மனைவிக்குப் போகும். மறுமணம் செய்தால் நின்றுவிடும், இறந்தவரின் சகோதரனை மணந்தால் மட்டும் தொடரும் என்று ஒரு விதி நெடுங்காலம் இருந்தது. இருபது சொச்சம் வயதில் கணவனை இழந்த பெண்ணிடம் அரசாங்கம் போடும் நிபந்தனையா அது? 2017 நவம்பரில் அதை நீக்கினார்கள். இன்னும் பல குடும்பங்களுக்கு இந்த மாற்றம் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

ஒரே விருதை இரண்டு முறை பெற முடியுமா? கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா?

முடியும். இரண்டாம் முறைக்கு ரிப்பனில் ஒரு பட்டை சேர்ப்பார்கள். பரம் வீர் சக்ராவை இருமுறை பெற்றவர் இல்லை. மகா வீர் சக்ராவை ஆறு பேர் இருமுறை பெற்றிருக்கிறார்கள். அதில் லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கைச் சேர்ந்த சேவாங் ரிஞ்சன் 1948ல் முதல் முறை பெற்றபோது பதினேழு பதினெட்டு வயதுப் பையன், 1971ல் துர்துக் பகுதியை மீட்டு இரண்டாவதைப் பெற்றார்.

ரத்து செய்யும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு. பிரிட்டனில் 1861 முதல் 1908 வரை எட்டுப் பேரிடமிருந்து விக்டோரியா கிராஸைப் பறித்தார்கள். ஐந்தாம் ஜார்ஜ் அதைக் கடுமையாக எதிர்த்தார். கொலைக் குற்றத்துக்குத் தூக்கு மேடை ஏறினாலும் அவன் அந்தப் பதக்கத்தை அணிந்தே ஏறலாம் என்பது அவர் நிலை. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அன்று செய்தது செய்ததுதான்.

அரசு பட்டம் கொடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் சொல்கிறதே?

பிரிவு 18 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ராணுவ, கல்வித் தகுதிகளுக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது.

பழந்தமிழகத்தில் இதற்கு ஈடாக என்ன இருந்தது?

உயிரோடு இருந்த வீரனுக்கு அரசன் ஏனாதி போன்ற பட்டமும் மோதிரமும் கொடுத்தான். இறந்தவனுக்கு நடுகல். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. 2006ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல், கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த அந்தவன் என்பவனுடையது. பிற்காலத்துச் செங்கம் நடுகற்களைப் பார்த்தால் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய ஆள், எந்தச் சண்டை, என்ன செய்து பட்டான் என்று வரிசையாக இருக்கும். இன்றைய சைட்டேஷனில் கேட்பதும் இவைதான். இறந்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலமும் விட்டார்கள். படைத்தலைவனுக்கு மட்டுமல்ல, மாடு மீட்கப் போன சாதாரண ஊர்க்காரனுக்கும் கல் நின்றது.

எங்கள் வீட்டில் தாத்தாவின் பதக்கம் இருக்கிறது. அது என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்க்காதீர்கள். எழுத்து தேய்ந்துவிடும். ஒரு லென்ஸை வைத்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் விளிம்பிலேயே எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களில் பெரும்பாலும் பெயர் இருக்காது, ஆனால் பர்மா, இத்தாலி, ஆப்பிரிக்கா என்று களத்தின் பெயர் முகப்பிலேயே இருக்கும். தாத்தா எங்கே போய் வந்தார் என்பதற்கு அதுவே போதுமான துப்பு. ரிப்பன் நைந்திருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம், நிறத்தை வைத்தும் அடையாளம் காணலாம்.

அடுத்து அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை, அதாவது பணியிலிருந்து விடுவித்தபோது தந்த புத்தகத்தை, தேடுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் பத்திரங்களோடு இருக்க வாய்ப்பு அதிகம். அதில் ராணுவ எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள மையத்துக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு மையத்துக்கும் எண், பதவி, பெயர், ஊர், பணியில் சேர்ந்த ஆண்டு எழுதி, புத்தகத்தின் நகலோடு கடிதம் போடுங்கள். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் பதக்கத்தின் இரண்டு பக்கப் படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். மூலப் பதக்கத்தை யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம்.